துணைக்குப் போனவள்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு மனுசி செய்வதற்கு ஒன்றுமே கிடையாது, சுவாமி. நீங்கள் பட்டணத்துக்குள் இருப்பவர், உங்களுக்கு அது விளங்காது. தீவின் மேற்கு நுனி இது. ஒரு தெரு, ஒரு கால்வாய், கால்வாய்க் கரையில் பலகை போட்ட நடைபாதை, இரண்டு கோப்பிக்கடை, ஒரு ஐஸ்கிறீம் கடை. தமிழர் என்று எண்ணினால் நானும் என் அக்கா மகள் சஜிதாவும். ஆறு மணிக்குத் தெரு அடங்கிவிடும். அதன்பிறகு 211ஆம் இலக்கப் பஸ் வந்து, ஏற ஆளில்லாமல் திரும்பிப் போவதை யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதச் சொன்னவர் நீங்கள்தான். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்னதை வலைத்தட்டிக்கு அந்தப்பக்கம் இருந்து முழுக்கக் கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "றோஸ்மேரி, இதை ஒரு தாளிலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. இஞ்சை கேட்டதை நான் வெளியிலை மூச்சு விட ஏலாது, உங்களுக்குத் தெரியும். வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பெடியனைப் பிளேனிலை ஏத்தப் போறாங்கள். அதுக்கு முதல் லோயரின்ரை கையிலை உங்கடை எழுத்து இருக்கவேணும்." எழுதித் தந்தால்தான் பாவமன்னிப்பு என்றும் சொன்னீர்கள். ஆகவே எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமைதான், நேரம் தாராளமாக இருக்கிறது.

எனக்கு நாற்பத்தேழு வயது. இங்கே ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு வருடமாக உருளைக்கிழங்கு மசிக்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அதில் சோகக் கதை ஒன்றும் இல்லை, கேட்டு ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றில் என் அக்கா யோசெப்பின் மன்னாரிலிருந்து தன் ஒரே மகளை என்னிடம் அனுப்பினாள். கூடவே ஒரு கடிதம். பிள்ளையைத் தனிய ஓரிடமும் விடாதை என்று அதில் இரண்டு தரம் எழுதியிருந்தாள். நான் அந்தச் சொல்லை அப்படியே கைக்கொண்டேன். ஆகவே பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் தொடக்கம் என் கீழ்ப்படிதல்தான் என்பதை லோயருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

சஜிதாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தின் விவசாயப் பண்ணையில் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடும் வேலை. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். அடுத்த வருடம் மடுமாதா திருநாளில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது சவிரிமுத்து என்ற ரக்ஸிக்காரன் அவளோடு கதை கொடுத்தான். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று சொன்னாள்.

"சின்னம்மா, அவர் கோப்பி குடிக்க வரச் சொல்லுறார். கோப்பி எங்கடை வீட்டிலையும் இருக்கெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"ஏன் அப்பிடிச் சொன்னனி? போவம்."

"போவமோ? நீங்களுமோ?"

"கொம்மா என்ன எழுதினவ?"

அவள் சிரித்தாள், கண் காணாமல் போயிற்று. அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் கோப்பி குடித்தோம்.

சுவாமி, நான் உங்களிடம் ஒளிக்கப் போவதில்லை. அப்படியொரு கோப்பியை நான் அதற்குமுன் குடித்ததில்லை. மேலே நுரை, நுரைக்கு மேலே கறுவாத்தூள். சவிரிமுத்து என்னைக் கவருவதற்காகவே கதைத்துக்கொண்டிருந்தான். பெண்ணின் சின்னம்மாவைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன சின்னப் பகிடிக்கெல்லாம் மேசையில் தட்டிச் சிரித்தான். என் பகிடிக்கு ஒரு ஆண் சிரிப்பதை அன்றுதான் கண்டேன். வீட்டுக்கு வந்தபிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அலுமாரியைத் திறந்து அடுத்த கிழமைக்கு என்ன உடுப்பது என்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் போனோம். ரக்ஸியில் பின்சீற்றில் இருந்தால் எனக்குச் சத்தி வரும், ஆகவே நான் முன்னால் இருந்தேன், சஜிதா பின்னால். மலை உச்சிக்குப் போய்ப் பட்டணத்து வெளிச்சம் பார்த்தோம். போலிங் விளையாடினோம், நான் ஒரே உருட்டில் ஒன்பதை விழுத்தினேன். லா ரோண்ட் களியாட்டப் பூங்காவில் அந்தத் தண்டவாளத் தொட்டிலில் ஏறினோம். உச்சியில் அது ஒரு கணம் நிற்கும், தெரியுமோ, பிறகு கீழே விடும். நாற்பத்துநாலு வயதில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். இறங்கியதும், "இன்னொருக்கால்" என்றேன். சவிரிமுத்து முகம் வெளிறிப் போய் நின்றான், பாவம், ஆனாலும் ஏறினான். சஜிதா கீழே நின்று எங்கள் கைப்பைகளைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமையே சனிக்கிழமை உடுப்பை எடுத்துக் கட்டிலில் விரித்துவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும். தலைமைச் சமையல்காரி ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காதலோ என்று பிரெஞ்சில் கேட்டாள். "இல்லை, நாளைக்குச் சனிக்கிழமை" என்றேன். தலைமயிரைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டேன். சிவப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன். சஜிதாவுக்கு நீலம் எடுத்துக் கொடுத்தேன், அவள் போட்டதைக் காணவில்லை.

ஐந்தாம் மாதம் சவிரிமுத்து என்னிடம் அக்காவின் மன்னார் விலாசம் கேட்டான். முறைப்படி பெண் கேட்டு எழுதப் போகிறானாம். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். கலியாணம் கட்டிய எந்தச் சோடி சனிக்கிழமை போலிங் போகிறது? சாமான் வாங்கப் போவார்கள், பிள்ளைகளுக்கு ஊசி போடப் போவார்கள். இரண்டு பேர் சந்தோசமாகப் பழகுவதை அப்படிச் சட்டென்று நிறுத்திவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆகவே சஜிதா கன்னியாஸ்திரி மடத்துக்குப் போக விருப்பப்படுகிறாள், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் உடனே தலையைக் குனிந்துவிட்டான். "ஆண்டவருக்குப் போட்டியா நான் நிக்கலாமே, அக்கா" என்று சொல்லித் தன் கழுத்துச் செபமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுக்கச் சொன்னான். நம்முடைய சனங்களில்தான் அப்படி ஒருவனைப் பார்க்கலாம். சஜிதாவுக்கு, அவன் ரொரன்ரோவுக்கு மாறிப் போய்விட்டான் என்று சொன்னேன். அவள் இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டாள்.

இன்று செவ்வாய். வேலையால் வந்து மறுபடி இருக்கிறேன். மத்தியானம் நீங்கள் தொலைபேசி எடுத்து, சென்ட்-ஆனில் மழையோ என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டும் வைக்காமல் இருந்தீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொன்னவரிடமே வெளியில் எடுத்துக் கதைக்கக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம் என்று சின்ன வயதில் மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். நீங்கள் அதை இப்படிக் கண்ணியமாகக் காப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்தவன் வருண். பண்ணைப் பக்கம் படிக்க வந்த பெடியன், டொக்டர் கோவிந்தராஜனின் மகன், சென்னைக்காரர். சஜிதாவைத் தக்காளிக் கன்றுகளுக்கு நடுவில் கண்டு பிடித்துக்கொண்டான். அவள் முதல் நாளே, சின்னம்மாவும் வருவா என்று சொல்லியிருக்கிறாள். அவன் ஒரு நிமிடம்கூட முகம் சுளிக்கவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, முன்னாடி உக்காருங்க, ஹீட்டர் அங்கதான் நல்லா வேலை செய்யுது" என்றான். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் குளிரே தெரியவில்லை.

பனிச்சறுக்கப் பழக்கினான் என்னை. சஜிதாவுக்குக் கால் நிற்கவில்லை, கரையில் இருந்துவிட்டாள். நான் விழுந்தேன், எழும்பினேன், விழுந்தேன், எழும்பினேன், பிறகு போனேன் பாருங்கள், சுவாமி, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, சால்வை பின்னால் பறக்க, வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் விலகி வழிவிட. "ஆன்ட்டி, செம" என்று வருண் கத்தினான். மார்ச்சில் காட்டுக்குள் மேப்பிள் பாணி காய்ச்சும் இடத்துக்குக் கூட்டிப்போனான். கொதிக்கும் பாணியைப் பனிமேல் ஊற்றி, அது இறுகும்போது குச்சியில் சுற்றித் தருவார்கள். நான் ஒன்பது குச்சி சாப்பிட்டேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் காருக்குள் பாட்டுப் பாடினோம், பெரும்பாலும் நான்தான்.

ஏப்ரலில் சஜிதா கண் மினுங்க என்னிடம் வந்து, "சின்னம்மா, வருண் தன்ரை அம்மாவிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போறாராம்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அடுத்த நாள் வேலைக்கு இடையில் அவன் தாய் அம்புஜத்துக்குத் தொலைபேசி எடுத்து, மிக மரியாதையாக என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, உங்கள் மகனின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சட்டை நாங்கள் தைப்பதா நீங்கள் தைப்பதா என்று கேட்டேன்.

அந்த அம்மா முதலில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தா. பிறகு, "ஏங்க, என்னங்க சொல்றீங்க? லைப்ரரிக்குப் போறேன்னுதானே காரை வாங்கிட்டுப் போனான்?" என்றா. நான் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். ஒரு கேள்விதான் கேட்டேன், கேள்வி எப்படிப் பொய்யாகும்? அந்தக் கோடையே வருணைப் பொஸ்ரனில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சஜிதா அந்தமுறை ஒரு மாதம் அழுதாள். "எனக்கு ராசியில்லைப் போலை, சின்னம்மா" என்றாள். நான் அவள் தலையைத் தடவி, உனக்கென்ன குறை, இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள் என்றேன். அதை நான் மனதாரச் சொன்னேன். உண்மையில் ஒவ்வொரு கிழமையும் பூசை முடிந்ததும் யார் புதிதாக வந்திருக்கிறான் என்று அவளுக்காகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஜெனாட்டையும் நான்தான் கண்டுபிடித்தேன், அதை மறந்துவிடாதீர்கள். போன வருடம் கோயில் வாசலில் கோடை மழைக்குக் குடைகூட இல்லாமல் நின்றான். மன்னார்ப் பெடியன், ரொக்ஸ்பரோவில் ஒரு தெப்பனரில், அதுதான் அந்த மூலைக்கடைகளில் ஒன்றில், நின்று வேலை செய்கிறான். அகதிக் கேஸ் றிஜெக்ட் ஆகி மேன்முறையீட்டில் கிடந்தது. நான்தான் சாப்பிட வரச் சொன்னேன், நான்தான் சஜிதாவின் பக்கத்தில் கதிரை போட்டேன்.

இன்று புதன். நீங்கள் எடுத்து, நேற்று மழை வந்ததா என்று கேட்டீர்கள். குரல் அடைத்திருந்தது. இஞ்சித் தேத்தண்ணி குடியுங்கள் என்றேன்.

ஜெனாட்டிடம் கார் இல்லை. இரண்டு பஸ் மாறி வருவான். ஆனால் எதை வாங்கினாலும் மூன்றாக வாங்குவான். மூன்று ஐஸ்கிறீம், மூன்று மாம்பழச்சாறு, ஒருமுறை மூன்று கறுப்புக் கண்ணாடி. மூன்று பேரும் அதைப் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரை வாங்கில் இருந்து, கால்வாயின் மதகுக் கதவு மூடி உள்ளே தண்ணீர் ஏற, படகுகள் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உயர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் நடுவில் இருப்பேன். அவன் படகுகளின் பெயரைப் பிழைபிழையாகப் பிரெஞ்சில் வாசிப்பான், சஜிதா திருத்துவாள், நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். என் வாழ்நாளில் மிகச் சந்தோசமான பத்து மாதம் அது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, நாற்பத்தாறு வயதில், எனக்குக் கன்னத்தில் குழி விழுவதைக் கண்டுபிடித்தேன்.

போன ஏப்ரலில் ஒருநாள் அதே வாங்கில் வைத்துச் சொன்னான். மிகவும் அன்பாகத்தான் சொன்னான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

"சின்னம்மா, நாங்கள் ஜூனிலை கலியாணம் கட்டப் போறம். சுவாமியோடை கதைச்சிட்டம். நோத்ர-டாம்-த-கிரேஸிலை ஒரு அப்பார்ட்மென்ற் பாத்திருக்கிறன், உங்களுக்கும் ஒரு அறை இருக்கு. இவ்வளவு காலமும் எங்களுக்குப் பின்னாலை அலைஞ்சு களைச்சுப் போனியள். இனி வீட்டிலை இருந்து ஆறுதலா ரெஸ்ட் எடுங்கோ."

நன்றி மகன் என்றேன். அறை என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அன்றைக்கு ஐஸ்கிறீமை என்னால் சாப்பிட முடியவில்லை, வாத்துக்குப் போட்டுவிட்டேன்.

மே மாதம் கோயிலில் முதல் ஓலை வாசித்தீர்கள். மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று வாசிப்பீர்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சுவாமியிடம் அறிவிக்க வேண்டும் என்று முடிப்பீர்கள். ஆயிரம் தரம் கேட்ட வசனம்தான். ஆனால் அன்று அது என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. வேறு யார் அறிவிப்பார்கள்? தடை தெரிந்தவர்கள் என்று ஒருவரும் அங்கே இல்லை. ஜெனாட்டைப்போல ஒரு சுத்தமான பெடியனை நான் கண்டதில்லை.

சஜிதா நேற்று, அதாவது இதே புதன் பின்னேரம், மேசைக்கு வந்து எனக்கு எதிரில் இருந்தாள். நான் இந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். இப்போது வியாழன் காலை என்பதால் நேற்று என்கிறேன். அவள் மெலிந்து போய்விட்டாள்.

"சின்னம்மா, அந்தக் கடிதம் உண்மைதானே?"

"எந்தக் கடிதம், பிள்ளை?"

"மன்னாரிலை இருந்து அந்தப் பொம்பிளை எழுதின கடிதம். நாளைக்கு அடுத்த நாள் அவரை அனுப்பப் போறாங்கள். கொழும்பிலை இறங்கினவுடனை பிடிப்பாங்கள், உங்களுக்குத் தெரியுந்தானே. நான் பிழை விட்டிருந்தா..."

"கைக்கடிதம், பிள்ளை. கையாலை வந்தது" என்றேன். அவள் தலையை மேசையில் வைத்துப் படுத்துவிட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கடிதத்தைப் பற்றி இனிச் சொல்லிவிடுகிறேன். சண்டை தொடங்கிய பிறகு மன்னாருக்கும் இங்கும் தபால் ஒழுங்காக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடிதங்கள் ஆட்களின் கையில்தான் வருகின்றன. கொழும்புக்கு வந்த ஒருவர் கொண்டுவருவார், அவரிடமிருந்து இன்னொருவர், அவர் ரொரன்ரோவில் இறங்கி இங்கத்தை முத்திரை ஒட்டிப் போடுவார். முத்திரை இல்லாவிட்டாலும், விலாசம் இல்லாவிட்டாலும் நம்மில் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. இன்னும் சொன்னால், தபாலில் வந்ததைவிடக் கையில் வந்ததைத்தான் நம்புவோம். அத்தனை பேர் மடியில் கட்டிக் கொண்டுவந்தது பொய்யாக இருக்குமா?

சஜிதா ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று அலுமாரியில் கிடந்தது. அதில் ஒரு தாள் கிழித்தேன். இடது கையால் எழுதினேன். என் பெயர் அக்னெஸ், நான் ஜெனாட்டின் மனைவி, மடு அகதி முகாமில் இருக்கிறேன், எங்கள் பெண் குழந்தைக்கு மூன்று வயது, அவர் கனடாவில் கலியாணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன் என்று எழுதினேன். குழந்தைக்கு இருமல் என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது, தாளில் இரண்டு சொட்டு விழுந்தது. அதை நான் துடைக்கவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு அதை உங்கள் கையில் தந்தேன். நீங்கள் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டீர்கள். மூன்றாவது ஓலை நின்றது. மன்னார்ப் பங்குக்கு எழுதிப் பதில் வர ஆறு மாதமோ ஒரு வருடமோ என்றீர்கள். ஜெனாட் வந்து உங்கள் முன்னாலும் அவள் முன்னாலும் முழங்காலில் நின்று, தனக்கு அப்படி ஒருத்தி இல்லை என்று சத்தியம் பண்ணினான். "அந்தப் பிள்ளையின்ரை இருமல்..." என்று மட்டும் சொன்னாள் சஜிதா. கோட்டில் போய்ப் பதிவுக் கலியாணம் கட்டுவோம் என்று கெஞ்சினான். உண்மை தெரியாமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றாள். நல்ல மனசுள்ள பிள்ளை, அக்கா வளர்த்த விதம்.

அத்தோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் அவன் ஒவ்வொரு சனியும் வந்தான், சுவாமி. வாங்கில் தனியாக இருந்து எங்கள் யன்னலைப் பார்த்தான். இவள் திரைக்குப் பின்னால் நின்று அவனைப் பார்த்தாள். மூன்றாவது சனி இவள் சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். "எங்கை?" என்று கேட்டேன். "நீங்கள் நில்லுங்கோ சின்னம்மா, நான் தனியப் போட்டு வாறன்" என்றாள். தனிய என்றாள். என் அக்கா இரண்டு தரம் எழுதிய சொல் அது. எனக்குத் தலை சுத்துது, நெஞ்சு அடைக்குது என்று நான் நிலத்தில் இருந்துவிட்டேன், அவள் போகவில்லை. திங்கட்கிழமை அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை, பெயர் போடாமல், குடிவரவுக் கந்தோருக்குத் தபாலில் போட்டேன். விசாரணையில் தனிக்கட்டை என்று சொன்னவன் மனைவியை ஒளித்திருக்கிறான் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை, கடிதம் நன்றாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கிழமையே கடையில் வைத்து அவனைக் கொண்டுபோனார்கள்.

ஆக, கலியாணத்தைத் தடுத்தது நான். அக்னெஸ் என்று ஒருத்தி இல்லை, இருமுகிற குழந்தையும் இல்லை. ஜெனாட் தன்னைப்பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. அவனைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். இது முழுவதும் என் சொந்தக் கையெழுத்தில், ஒருவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதப்பட்டது. இப்படி எழுதினால் சட்டத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன். வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு முடித்தேன்.

ஆனால் வாசித்துப் பார்க்கும்போது சரியாக இல்லை. மூன்றாம் பக்கத்தில் குழம்புச் சொட்டு. இடையிடையே வெட்டித் திருத்தியிருந்தேன். லோயர்மார் பார்க்கிற தாள் அப்படி இருக்கலாமா? ஆகவே வெள்ளி லீவு போட்டு, முதலிலிருந்து சுத்தமாகப் பிரதிபண்ணத் தொடங்கினேன்.

பத்து மணிபோல் கதவு தட்டியது. நீங்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தரம். சஜிதா கதவைத் திறந்தாள். நான் தாள்களை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். நீங்கள் கதிரை நுனியில் இருந்தீர்கள், கண் இரண்டும் சிவந்து. வானம் வெளித்திருக்கிறது என்றீர்கள். ஓம், இன்றைக்கு நல்ல வெயில் என்றேன். சஜிதா உங்களுக்கும் எனக்கும் நடுவில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"றோஸ்மேரி" என்றீர்கள், பிறகு நிறுத்தினீர்கள். "நான் இப்ப டவுன்ரவுனுக்குத்தான் போறன். ஏதும் தபாலிலை போட இருந்தா, யாரிட்டையும் குடுக்க இருந்தா, என்னட்டைத் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"ஒண்டுமில்லைச் சுவாமி" என்றேன். "எழுதி முடிய ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கொண்டு வாறன்."

"ஞாயித்துக்கிழமை" என்று நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். சஜிதாவைப் பார்த்தீர்கள், வாயைத் திறந்தீர்கள், மூடினீர்கள். பிறகு எழும்பி அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போய்விட்டீர்கள். தேத்தண்ணியைத் தொடவே இல்லை. சுவாமிக்கு என்ன நடந்தது என்று சஜிதா கேட்டாள். வயது போகுது, பாவம் என்றேன்.

இன்று சனிக்கிழமை. சுத்தப்பிரதி முடிந்துவிட்டது, ஒரு வெட்டுக்கூட இல்லை, நாளைக்கு உங்கள் கையில் தருவேன். பிந்திவிட்டது என்று நீங்கள் கவலைப்படலாம். உண்மை இரண்டு நாள் பிந்தினால் பொய்யாகிவிடாது, இங்கே பாவமன்னிப்புக்குத் தடை ஒன்றும் இல்லையென்றே நினைக்கிறேன். ஜெனாட் இன்று காலை கொழும்பில் இறங்கியிருப்பான். அவனுடைய தாய் அவனைக் கண்டு நாலு வருடம்.

சஜிதா நேற்றுப் பின்னேரத்திலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். இந்த நேரத்தில் பிள்ளையை ஒரு மூலையில் கிடக்க விடக்கூடாது, வெளியில் கூட்டிப்போய் நாலு மனிசரைக் காட்ட வேண்டும். ரொக்ஸ்பரோ நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் பெறாமகன் போன மாதம் பிரான்சிலிருந்து வந்திருக்கிறான், நல்ல பெடியன், புதுக் கார். எடுத்துக் கதைத்தேன். எங்களை ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போக இரண்டு மணிக்கு வருகிறான். எல்லாம் அவளுக்காகத்தான், சுவாமி. எழும்பி முகம் கழுவு என்று மூன்று தரம் சொல்லிவிட்டேன், அசையவில்லை.

இப்போது மணி ஒன்பது. நான் ஏழு மணிக்கே உடுத்து, சிவப்புச் சப்பாத்தும் போட்டு வெளிக்கிட்டுவிட்டேன்.